தேம்ஸ் கரையில் படகைக் கட்டும் முன்: தண்ணீருக்கு அடியில் இருப்பவை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தின் தேம்ஸ் ஆற்றில் லெக்லேடிலிருந்து டெடிங்டன் வரை, ஏறக்குறைய 200 கிலோமீட்டர் தூரத்துக்கு உல்லாசப் படகுகள் ஓடுகின்றன. வழியில் 44 லாக்குகள் இருக்கின்றன. தடுப்பணையைத் தாண்டிப் படகை ஏற்றி இறக்கும் நீர்ப்பூட்டுகள் இவை. கோடையில் லண்டனைச் சுற்றியுள்ள தமிழ்க் குடும்பங்கள் பல, ஒரு நாளுக்கோ ஒரு வாரத்துக்கோ படகை வாடகைக்கு எடுக்கின்றன. சிலர் சொந்தமாகவே வாங்கிவிடுகிறார்கள். அவர்கள் என்னிடம் கேட்பவை பெரும்பாலும் லாக்கைப் பற்றியும் எஞ்சினைப் பற்றியும்தான். ஆனால் படகு அடிபடுவது பெரும்பாலும் பயணம் முடிந்து கரையில் கட்டும் அந்தக் கடைசி இரண்டு மீட்டரில். அந்த இரண்டு மீட்டரைப் பற்றியே இங்கே பேசப்போகிறேன்.

பொதுப் படகுத்துறை என்று பலகை வைத்திருக்கிறார்கள். அப்படியென்றால் அடியில் பத்திரமாகத்தானே இருக்கும்?

அப்படி எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்தப் பலகை எத்தனை மணி நேரம் நிற்கலாம், கட்டணம் உண்டா, யாரிடம் செலுத்துவது என்று சொல்லும். எவ்வளவு ஆழம், அடியில் என்ன என்பதைப் பெரும்பாலான பலகைகள் சொல்வதில்லை.

இந்த ஆற்றின் போக்குவரத்தைக் கவனிப்பது என்விரான்மென்ட் ஏஜென்சி என்ற அரசு அமைப்பு. ஸ்டெய்ன்ஸுக்குக் கீழே சுமார் 2 மீட்டர், லெக்லேட் பக்கம் சுமார் 0.9 மீட்டர் என்று வழிகாட்டிகளில் காணும் ஆழக் கணக்கு ஆற்றின் நடுவில் படகுகள் போகும் தடத்துக்கானது. கரையோரத்துக்கு அந்தக் கணக்குப் பொருந்தாது. ஆற்றின் தரையும் பெரும்பாலான இடங்களில் அந்த அமைப்புக்குச் சொந்தமில்லை. இங்கிலாந்துச் சட்டப்படி, ஓதம் (கடல்நீரின் ஏற்ற இறக்கம்) எட்டாத ஆற்றில் கரை நிலத்துக்காரருக்கே நடு ஆறு வரை தரையும் சொந்தம் என்பது பொதுவான வழக்கு. அவர் நகர மன்றமாக இருக்கலாம், விவசாயியாக இருக்கலாம், மதுக்கடைக்காரராகவும் இருக்கலாம். அடியில் கிடப்பதை எடுத்துச் சுத்தம் செய்ய ஒவ்வோர் ஆண்டும் ஆள் வரும் என்று நினைத்துக்கொண்டு படகை ஓட்டாதீர்கள்.

1932 ஆம் ஆண்டின் தேம்ஸ் சட்டம், பயணத்தின் போக்கில் நியாயமான நேரத்துக்கு ஆற்றில் நின்றுகொள்ளும் உரிமையை நமக்குத் தந்திருக்கிறது. நிற்கும் இடத்தின் ஆழத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலை நம்முடையதாகவே இருக்கிறது.

அப்படி என்னதான் அடியில் கிடக்கிறது?

முதலில் சொல்ல வேண்டியது பழைய கரை. ஆற்றங்கரை சரியாமல் இருக்க வரிசையாக மரத்தூண்களை அடித்து, அவற்றின் பின்னால் பலகைகளை நிறுத்தி மண்ணைப் பிடித்துவைப்பது இங்கே நெடுங்காலப் பழக்கம். மரம் எங்கே உளுத்துப்போகும் என்று பாருங்கள்: காற்றும் நீரும் மாறி மாறிப் படும் நீர்மட்டத்தை ஒட்டித்தான். எப்போதும் நீருக்குள் மூழ்கியிருக்கும் பகுதி பல ஆண்டுகளுக்குக் கல்லைப் போல் நிற்கும். மேலே இருந்தது போய்விடும், கரையும் காலப்போக்கில் ஓரிரு மீட்டர் பின்வாங்கிவிடும். பழைய தூண்களின் அடிக்கட்டைகள் மட்டும் கண்ணுக்குத் தெரியாமல், நீருக்கு ஒரு சாண் கீழே, கரையிலிருந்து தள்ளி வரிசையாக நிற்கும். நீங்கள் பார்ப்பது இன்றைய கரையை. உங்கள் படகு மோதுவது ஐம்பது ஆண்டுகளுக்கு முந்தைய கரையில்.

அடுத்தது கல். இரும்புத் தகடுகளை இறக்கிப் புதிதாகக் கட்டிய கரைச்சுவர்கள் மேலிருந்து பார்க்க நேர்த்தியாக இருக்கும். சில இடங்களில் சுவரின் காலை நீர் அரித்துவிடாமல் இருக்க, அடியில் பெருங்கற்களைக் கொட்டியிருப்பார்கள். கம்பிக் கூடைகளில் கல் நிரப்பியும் வைத்திருப்பார்கள். சுவர் செங்குத்தாக இருக்கிறது, ஆகவே ஆழமும் செங்குத்தாக இறங்கும் என்று நம் கண் முடிவு செய்துகொள்கிறது. உண்மையில் அங்கே ஒரு படிக்கட்டு மறைந்திருக்கலாம். கம்பிக் கூடை துருப்பிடித்து அறுந்துபோனால் அதன் முனைகள் ஃபைபர் படகின் அடியைக் கீறும்.

வில்லோ மரங்களின் வேர்களும் முறிந்த கிளைகளும் உண்டு. வெள்ளம் கொண்டுவந்த வேலிக்கம்பங்கள் உண்டு. ஊருக்குள் இருக்கும் துறைகளில், பாலத்துக்கு அருகே, சூப்பர்மார்க்கெட் தள்ளுவண்டியும் சைக்கிளும் கிடக்கும். படகைக் கட்டக் கரையில் அடித்து, பிறர் தவறவிட்ட இரும்பு முளைகள் கரையோரச் சேற்றில் குத்திட்டு நிற்கும். கீழ்த் தேம்ஸில் கைவிடப்பட்டு மூழ்கிப்போன படகுகளும் ஒரு தொல்லை. மேல்தளமும் கண்ணாடியும் உடைந்து மிதந்து போய்விட்டால், கீழே உடல் கிடப்பதற்கு அடையாளமே இருக்காது. கோடையில் மிதக்கும் பென்னிவொர்ட் என்ற படர்கொடி, நம் ஊர் ஆகாயத்தாமரையைப் போல நீரை மூடிக்கொண்டு இவை எல்லாவற்றையும் மறைத்துவிடும். எஞ்சினைக் குளிர்விக்கும் நீர் உள்ளே போகும் வாயையும் அது அடைக்கும்.

உங்களுக்கு இப்படி நேர்ந்திருக்கிறதா?

நேர்ந்திருக்கிறது. மழை குறைந்த ஒரு கோடையின் முடிவில், செப்டம்பர் மாலை, ஒரு சிற்றூரின் பொதுத்துறை. புல்வெளி, பெஞ்சு, படகு கட்ட இரண்டு இரும்புத் தூண்கள், பக்கத்தில் விளையாடும் குழந்தைகள். படகின் முன்புறத்தைக் கரையில் அணைத்தேன். மனைவி கயிற்றோடு இறங்கினார். பின்புறத்தைக் கரைக்குத் தள்ள எஞ்சினைச் சற்றே முடுக்கினேன். யாரோ சுத்தியலால் அடித்ததுபோல் ஒரே ஒரு சத்தம் வந்தது. அதன் பிறகு படகு முழுவதும் நடுங்கியது.

மறுநாள் காலை வெயில் ஏறியதும் குனிந்து பார்த்தேன். கரையிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி, நீருக்குள் கறுப்பாக ஐந்து கட்டைகள், பல் வரிசைபோல் நின்றன. ப்ரொப்பெல்லரின் ஒரு தகடு மடிந்திருந்தது, தண்டும் வளைந்திருந்தது. படகைத் தண்ணீரிலிருந்து தூக்கிச் சரிசெய்து மறுபடி இறக்குவதற்குள் அந்தப் பருவமே முடிந்துவிட்டது. அங்கே முதலில் ஒரு கழியை விட்டுப் பார்க்க முப்பது விநாடி போதுமாக இருந்திருக்கும். அன்று முதல் கழி இல்லாமல் நான் கரையை நெருங்குவதில்லை.

மேலிருந்து பார்த்தே அடியில் இருப்பதைக் கண்டுபிடிக்க முடியுமா?

ஓரளவு முடியும். நீர் பேசும், கேட்கப் பழக வேண்டும்.

ஓடும் நீரில் ஏதாவது தடை மூழ்கியிருந்தால், அதன் மேல் நீர் பிளந்து ஓர் அம்புமுனையைப்போல் அலை விரியும். முனை நீர் வரும் திசையை நோக்கி இருக்கும். அந்த முனைக்கு அடியிலோ, நீர் வரும் பக்கம் சற்றுத் தள்ளியோதான் பொருள் கிடக்கிறது. சுற்றிலும் நீர் கண்ணாடிபோல் இருக்கும்போது ஒரே இடத்தில் மட்டும் சிறு சுழிப்பு விடாமல் தோன்றிக்கொண்டிருந்தால், அங்கே போகாதீர்கள்.

ஆற்றின் வளைவைப் பாருங்கள். வெளிப்புறக் கரையை நீர் அரித்து ஆழமாக்கும். உட்புறத்தில் மணலும் கூழாங்கல்லும் சேர்ந்து மேடாகும். ஆற்றிடைத் தீவுகளின் தலைப்பிலும் வாலிலும் திட்டுகள் நீண்டிருக்கும். தடுப்பணையிலிருந்து நீர் விழுந்து வரும் கிளை, முதன்மைத் தடத்தோடு சேரும் இடத்திலும் திட்டு உண்டு. நாணல் எங்கே தண்ணீருக்குள் நிற்கிறதோ அங்கே ஆழமில்லை.

இன்னொன்று: நீண்ட பொதுத்துறையில் படகுகள் நெருக்கமாக நிற்கும்போது நடுவில் ஒரே ஓர் இடம் மட்டும் காலியாக இருந்தால், உங்களுக்கு அதிர்ஷ்டம் என்று எண்ணிவிடாதீர்கள். ஏன் காலியாக இருக்கிறது என்று பக்கத்துப் படகுக்காரரைக் கேளுங்கள். இந்த ஆற்றுக்காரர்கள் கேட்டால் மனமுவந்து சொல்வார்கள்.

ஒளித்தெறிப்பைத் தடுக்கும் போலராய்டு கண்ணாடி ஒன்று வைத்துக்கொள்வது நல்லது. தெளிந்த நீரில் அரை மீட்டர் ஆழம் வரை அது காட்டிக்கொடுக்கும். மழைக்குப் பின் ஆறு கலங்கி ஓடும்போது எந்தக் கண்ணாடியும் உதவாது.

படகில் ஆழமானி இருக்கிறது. அது போதாதா?

போதாது. அது தான் பொருத்தப்பட்டிருக்கும் இடத்துக்கு நேர் கீழே உள்ள ஆழத்தைச் சொல்லும். முன்னால் இருப்பதையும் பக்கத்தில் இருப்பதையும் சொல்லாது. அது 1.2 மீட்டர் என்று காட்டிக்கொண்டிருக்கும்போதே ப்ரொப்பெல்லர் கட்டையில் மோதலாம். அது சொல்வது நீர்ப்பரப்பிலிருந்து அளந்த ஆழமா, கருவியிலிருந்து அளந்த ஆழமா என்பதையும் வாங்கியவுடனே சோதித்து வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்குப் பிடித்த கருவி, பத்து சென்டிமீட்டருக்கு ஒரு கோடு போட்ட மரக்கழி. கழி ஆழத்தை மட்டும் சொல்வதில்லை. சேறு என்றால் மெதுவாக உள்வாங்கும், கூழாங்கல் என்றால் நறநறக்கும், கட்டையில் பட்டால் கைக்கு அதிர்வு வரும். உங்கள் படகு நீருக்குள் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதை அந்தக் கழியிலேயே சிவப்புக் கோடாக வரைந்துவிடுங்கள். அதற்கு மேல் குறைந்தது ஒரு முழமாவது தண்ணீர் இருந்தால் கட்டுங்கள்.

சரி, கரையை எப்படி அணைவது?

நீரோட்டத்தை எதிர்த்து வாருங்கள். அப்போது நீரே உங்களுக்குத் தடுப்பாக இருக்கும்; எஞ்சினை மெல்ல இயக்கிக்கொண்டே ஒரே இடத்தில் நிற்க முடியும். ஆற்றோடு போய்க்கொண்டிருந்தால், துறையைத் தாண்டிப் போய் அகலமான இடத்தில் திரும்பி வாருங்கள்.

சற்றுச் சாய்ந்த கோணத்தில் முன்புறம் மட்டும் கரையைத் தொடட்டும். பின்புறத்தை வெளியே வைத்திருங்கள். ப்ரொப்பெல்லரும் சுக்கானும் அங்கேதான் இருக்கின்றன; படகின் உயிர் அங்கேதான். ஒருவர் முன்கயிற்றோடு கால் வைத்து இறங்கட்டும், குதிக்க வேண்டாம். அவர் கயிற்றைத் தூணில் ஒரு சுற்றுச் சுற்றிப் பிடித்ததும் எஞ்சினை நியூட்ரலில் வையுங்கள். இப்போது பின்புறத்தில் இருந்து கழியை விட்டுக் கரைக்கும் படகுக்கும் நடுவில் மூன்று நான்கு இடங்களில் குத்திப் பாருங்கள். எல்லாம் சரி என்றால் பின்புறத்தைக் கயிற்றால் இழுங்கள். எஞ்சினால் தள்ளாதீர்கள். கயிற்றால் இழுத்து முட்டினால் ஒரு தட்டு. எஞ்சின் ஓடும்போது முட்டினால் ஒரு பருவமே போகும்.

இறங்கி நடந்து அந்தக் கரையைப் பார்க்கவும் மறக்க வேண்டாம். பக்கத்தில் எங்காவது பழைய தூண்களின் தலை நீருக்கு மேல் தெரிந்தால், அதே வரிசை உங்கள் படகுக்கு அடியிலும் தொடர்கிறது என்றே கொள்ளுங்கள்.

கட்டும்போது போதிய ஆழம் இருந்தது. காலையில் படகு சாய்ந்து கிடந்தது. எப்படி?

இரவில் நீர்மட்டம் இறங்கியிருக்கும். இது ஆறு. குளத்தைப்போல் அசையாமல் நிற்காது. ஆனால் எந்த இடத்தில் எவ்வளவு மாறும் என்பதை ஊகிக்க ஒரு வழி இருக்கிறது.

இரண்டு லாக்குகளுக்கு நடுவே உள்ள ஆற்றை ஒரு நீண்ட தட்டாக எண்ணிக்கொள்ளுங்கள். கீழ்முனையில் தடுப்பணை இருக்கிறது. மதகுகளைத் திறந்தும் மூடியும் அங்கே நீர்மட்டத்தை ஒரே அளவில் வைத்திருக்கப் பார்ப்பார்கள். மேல்முனையோ, மேலே உள்ள அணையிலிருந்து வரும் நீருக்கு ஏற்ப ஏறும், இறங்கும். ஆகவே, நீர் போகும் திசையில் அடுத்து வரும் லாக்குக்குச் சற்று முன்னால் கட்டினால் மட்டம் அதிகம் மாறாது. கடந்து வந்த லாக்குக்கு உடனே கீழே கட்டினால் மாற்றம் கூடுதலாக இருக்கும். மழைக்குப் பின் ஆறு வடிந்துகொண்டிருக்கும் நாட்களில் இந்த வித்தியாசம் மிகவும் முக்கியம்.

மட்டம் இறங்கும்போது, கரையோரம் மறைந்திருக்கும் கல்திட்டிலோ கட்டையிலோ படகின் ஒரு பக்கம் உட்கார்ந்துவிடும். மறுபக்கம் நீரோடு இறங்கும். படகு வெளிப்புறம் சாயும். சாய்ந்த பக்கத்தில் காற்றுத்துளையோ கழிவுநீர்க் குழாயின் வாயோ நீர்மட்டத்துக்குக் கீழே போனால், உள்ளே தண்ணீர் புகும். இழுத்துக் கட்டிய கயிறும் அதே வேலையைச் செய்யும். படகு கயிற்றில் தொங்கும்.

ஏறும்போது வேறு ஆபத்து. சில கரைகளில் தூண்களை இணைத்துக் கிடைமட்டமாக ஓர் உத்தரம் ஓடும். நீர் குறைவாக இருக்கும்போது படகின் விளிம்பு அந்த உத்தரத்துக்கு அடியில் நழுவிவிடும். பிறகு நீர் ஏற ஏறப் படகு மேலே வர முடியாமல் அங்கேயே சிக்கிக்கொள்ளும். இதனால் படகுகள் மூழ்குகின்றன. ஃபெண்டர்களை (படகின் பக்கத்தில் மோதலைத் தாங்கத் தொங்கவிடும் மெத்தைகளை) தாழ்வாகவும் நெருக்கமாகவும் தொங்கவிட்டு, படகைக் கரையிலிருந்து ஒரு சாண் தள்ளியே நிறுத்துங்கள். கயிறுகளை நேர்குறுக்காகக் கட்டாமல், முன்னும் பின்னுமாக நீளமாகச் சாய்த்துக் கட்டினால் ஏற்ற இறக்கத்துக்கு இடம் கிடைக்கும்.

லாக்கில் மஞ்சள் பலகை தொங்குகிறது. கவலைப்பட வேண்டுமா?

வேண்டும். ஆற்றின் ஓட்டத்தைப் பற்றி எச்சரிக்கும் பலகை அது. மஞ்சளில் இரண்டு வகை உண்டு. நீரோட்டம் கூடுகிறது என்றால், எஞ்சின் படகுக்காரர்கள் பத்திரமான துறையைத் தேட வேண்டிய நேரம். குறைகிறது என்றால், கவனத்தோடு போகலாம். துடுப்புப் படகுகள் இரண்டிலும் போகக் கூடாது. சிவப்புப் பலகை என்றால் யாருமே கிளம்ப வேண்டாம் என்பது அறிவுரை.

வெள்ளம் கரை மேல் ஏறினால் படகும் கரை மேல் ஏறிவிடும். வடிந்த பிறகு நடைபாதையில் உட்கார்ந்திருக்கும். 2014 ஆம் ஆண்டு ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் தேம்ஸ் கரைபுரண்டதைப் போன்ற காலங்களில், படகின் கரைப்பக்கம் வலுவான கழிகளைக் கட்டி, அது உள்ளே வராமல் தடுத்துக்கொள்வார்கள். அப்படி ஒரு வெள்ளம் போன பிறகு, நீங்கள் நூறு முறை கட்டிய இடமாக இருந்தாலும் புதிய இடமாகவே எண்ணி அளந்து பாருங்கள். மரங்கள் வந்து கிடக்கும்.

எந்த வகைப் படகுக்கு ஆபத்து அதிகம்?

நேரோபோட் எனப்படும் ஒடுங்கிய இரும்புப் படகின் அடித்தகடு பெரும்பாலும் 10 மில்லிமீட்டர் தடிப்பு. சுக்கானுக்குக் கீழேயும் இரும்புத் தாங்கி இருக்கும். உரசினாலும் தாங்கும். ஃபைபர் க்ரூஸர்களில், வெளியே நீட்டிக்கொண்டு இறங்கும் எஞ்சின் கால் உள்ளவைதான் மிகவும் நோகக்கூடியவை. அந்தக் காலை உயர்த்திக்கொள்ளும் வசதி இருந்தால், கட்டியவுடன் உயர்த்திவிடுங்கள்.

படகைக் கட்டிய இடத்தில் குழந்தைகள் குதித்துக் குளிக்கலாமா?

கூடாது. இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

மேலே சொன்ன கட்டை, கம்பி, தள்ளுவண்டி ஆகிய எல்லாவற்றின் மேலும்தான் அந்தக் குழந்தை குதிக்கிறது. நம் ஊர்க் கிணற்றிலும் குளத்திலும் குதித்து வளர்ந்த அப்பாக்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். அந்தக் கிணற்றின் அடியை அவர்கள் அறிவார்கள். இந்த ஆற்றின் அடியை யாரும் அறியார். அதோடு குளிர். 15 டிகிரிக்குக் கீழே உள்ள நீர் திடீரென்று உடலைச் சூழ்ந்தால் மூச்சு தன் கட்டுப்பாட்டை இழந்து திணறும், நீச்சல் தெரிந்தவரும் நீரை விழுங்குவார். வசந்த காலத்தில் வெயில் சுள்ளென்று அடித்தாலும் ஆறு அந்த அளவுக்குச் சூடேறியிருக்காது.

யாராவது தவறி விழுந்துவிட்டால் எஞ்சினை உடனே நிறுத்துங்கள். விழுந்தவர் நீந்த முயலாமல் மல்லாந்து மிதந்து, மூச்சு சீராகும் வரை ஓரிரு நிமிடம் காத்திருக்க வேண்டும். மிதவை வளையத்தையோ கயிற்றையோ எறியுங்கள். பின்னால் குதிக்காதீர்கள். 999 ஐ அழைத்து, லாக்குகள் உள்ள பகுதி என்றால் தீயணைப்புப் படையையும், டெடிங்டனுக்குக் கீழே என்றால் கடலோரக் காவல்படையையும் கேளுங்கள்.

ஆற்று நீர் பட்ட கீறலை அலட்சியப்படுத்த வேண்டாம். எலிக்காய்ச்சல் கிருமி இந்த நீரிலும் இருக்கலாம். அடுத்த சில வாரங்களில் காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் ஆற்றைப் பற்றிச் சொல்லுங்கள்.

ப்ரொப்பெல்லரில் கயிறு சுற்றிக்கொண்டது. என்ன செய்வது?

எஞ்சினை நிறுத்திச் சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். கை வைப்பது அதற்குப் பிறகுதான். நேரோபோட்டில் பின்பக்கத்தில் இதற்கென்றே ஒரு மூடி உண்டு. அதைத் திறந்து உள்ளிருந்தே வெட்டி எடுக்கலாம். வேலை முடிந்ததும் அந்த மூடியைச் சரியாகப் பூட்டாமல் எஞ்சினை ஓட்டினால் தண்ணீர் உள்ளே கொட்டும். இப்படியே மூழ்கிய படகுகள் உண்டு. வாடகைப் படகு என்றால் நிறுவனத்தைத் தொலைபேசியில் அழைப்பதே சரி.

படகு எதன் மேலோ ஏறி நின்றுவிட்டது. எஞ்சினை முழு வேகத்தில் பின்னோக்கி விடலாமா?

முதலில் தரைப்பலகையைத் தூக்கி, உள்ளே தண்ணீர் வருகிறதா என்று பாருங்கள். படகின் அடி ஓட்டையாகியிருந்தால், எதன் மேல் உட்கார்ந்திருக்கிறதோ அதுவே அந்த ஓட்டையை அடைத்துக்கொண்டிருக்கலாம். இழுத்து ஆழத்துக்குக் கொண்டுபோனால் மூழ்கிவிடும்.

உள்ளே உலர்ந்திருந்தால், எல்லோரும் படகின் மிதக்கும் பக்கத்துக்கு நகருங்கள். வந்த வழியிலேயே கழியால் தள்ளிப் பாருங்கள். பின்னோக்கி எஞ்சினை மெதுவாக மட்டும் இயக்குங்கள். முடுக்கினால் சேற்றை உறிஞ்சி எஞ்சின் சூடாகும். மட்டம் இறங்கிக்கொண்டிருந்தால் தாமதிக்காமல் வேறு படகின் உதவியைக் கேளுங்கள்.

டெடிங்டனுக்குக் கீழேயும் இதே விதிகள்தானா?

அங்கே வேறு உலகம். டெடிங்டனோடு லாக்குகளின் ஆறு முடிந்து, கடலின் ஓதம் தொடங்குகிறது. பொறுப்பும் லண்டன் துறைமுக ஆணையத்துக்கு மாறுகிறது. லண்டன் பாலத்தருகே ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் இடையே 7 மீட்டர் வரை வித்தியாசம் வரும். மாலையில் மிதக்கும் இடம் நள்ளிரவில் கல்லும் சேறுமாக வெளியே கிடக்கும்.

டெடிங்டனுக்கும் ரிச்மண்டுக்கும் நடுவே மட்டும் ஓர் ஏற்பாடு உண்டு. 1894 இல் திறக்கப்பட்ட ரிச்மண்ட் மதகுகள், ஓதம் இறங்கும்போது கீழே இறக்கப்பட்டு, பாதி ஓத அளவுக்குக் கீழே நீர் வடியாமல் தடுக்கின்றன. ஆண்டுக்கு ஒருமுறை, இலையுதிர் காலத்தில் சில வாரங்கள், பராமரிப்புக்காக அந்த மதகுகளைத் தூக்கியே வைத்துவிடுவார்கள். அப்போது ஓத இறக்கத்தில் ஈல் பை தீவைச் சுற்றி ஆற்றுத்தரை வெளியே தெரியும். கட்டியிருக்கும் படகுகள் தரையில் உட்கார்ந்துவிடும். அந்த நாட்களில் அங்கே கட்டுவதைத் தவிர்த்து, ஒரு மாலை கரையோரம் நடந்து போய்ப் பாருங்கள். வழக்கமாக உங்கள் படகுக்கு அடியில் என்ன இருக்கிறது என்பது வெட்டவெளியில் கிடக்கும். நான் பலமுறை போயிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் புதிதாக ஏதாவது கண்ணில் படுகிறது.

பொதுத்துறையில் அடிபட்டால் செலவு யாருடையது?

பெரும்பாலும் உங்கள் காப்பீட்டினுடையது. பாலிசியில் நீருக்கடியில் உள்ள பாகங்களுக்கும், படகு மூழ்கினால் அதை அகற்றும் செலவுக்கும் இடமிருக்கிறதா என்று இப்போதே படித்துப் பாருங்கள். வாடகைப் படகில் உங்கள் முன்பணம் போகக்கூடும்.

அடியில் ஒன்று கிடப்பதைக் கண்டால் யாரிடம் சொல்வது?

அருகில் உள்ள லாக் காப்பாளரிடம் சொல்லலாம். அவர் இல்லையென்றால் என்விரான்மென்ட் ஏஜென்சியின் 0800 80 70 60 என்ற எண்ணை எந்த நேரமும் அழைக்கலாம். துறை நகர மன்றத்துடையது என்றால் அங்கேயும் சொல்லுங்கள்.

எந்த இரண்டு லாக்குகளுக்கு நடுவே, எந்தக் கரை, கரையிலிருந்து எத்தனை மீட்டர், நீருக்கு எவ்வளவு கீழே, அன்று நீர்மட்டம் எப்படி இருந்தது என்பவற்றைக் குறித்துவைத்துச் சொல்லுங்கள். இடது கரை, வலது கரை என்பதை நீர் போகும் திசையைப் பார்த்து நின்றே கணக்கிடுவார்கள். அந்த இடத்துக்கு நேராகக் கரையில் தெரியும் மரத்தையோ பெஞ்சையோ சேர்த்து ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் கிளம்பும்போது அதே இடத்துக்கு வேறொரு படகு வந்துகொண்டிருந்தால், கையசைத்து நிறுத்தி அவர்களிடம் நேரிலேயே சொல்லிவிட்டுப் போங்கள்.